சத்தமில்லாத பத்து செக்கன்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை காலை. கொடிகாமம் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு, இரண்டு பைகளோடு ஓட்டோ ஒன்றில் ஏறினேன். அன்று எனக்கு விடுமுறை. மனம் நிறைந்த சந்தோசம்.

சந்தோசத்துக்குக் காரணம் இருந்தது. கொக்குவில் பக்கத்தில் ஒரு சிறிய வானொலி நிலையத்தில் வேலை செய்கிறேன். பாடல்களைத் தானாகவே ஒலிபரப்பும் மென்பொருள் ஒன்றை அப்போதுதான் எடுத்திருந்தோம். பழைய கணினியில் இருந்த பதினோராயிரம் பாடல்களையும் அதற்குள் ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றாக ஏற்றினால் மாதக்கணக்காகும் என்று எல்லோரும் கையைப் பிசைந்தார்கள். நான் மொத்தமாக ஏற்றும் வழியைக் கண்டுபிடித்து, வேண்டிய கட்டங்களில் சரி அடையாளம் போட்டு, இரண்டே நாளில் முடித்துவிட்டேன். அந்தக் கட்டங்களில் ஒன்று, பாடல்களின் முன்னும் பின்னும் உள்ள நிசப்தத்தை வெட்டிவிடுவது. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் வெறுமை இருக்கக்கூடாது அல்லவா?

எங்கள் அறிவிப்பாளர் மட்டும் கொஞ்சம் தயங்கினார். "பழைய கொம்பியூட்டரை ஒரு கிழமைக்கு அப்பிடியே வைச்சிருப்பமே அக்கா?" என்று கேட்டார். "ஏன், பூசை செய்யப் போறீங்களே?" என்று நக்கலடித்துவிட்டு, சனிக்கிழமை பத்து மணிக்கு அவருடைய நிகழ்ச்சி முடிந்ததும் அதை முழுவதுமாக அழித்து, அலுவலக வேலைக்குக் கொடுத்துவிடச் சொல்லியிருந்தேன்.

ஓட்டோவில் எங்கள் வானொலிதான் போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அறிவிப்பாளரின் நேயர் நிகழ்ச்சிக்கு இடையில் உள்ளூர்க் கலைஞர்களின் இசை போகும் நேரம் அது. கோயில் திருவிழா ஒன்றில் பதிவுசெய்த நாதஸ்வரம் தொடங்கியது. சாரதி அண்ணை உடனே சூள் கொட்டினார்.

"பாத்தீங்களே தங்கச்சி, நேற்றும் உப்பிடித்தான். உந்த றேடியோக்காரருக்கு என்ன விசர் பிடிச்சதோ தெரியேல்லை. முன்துண்டை வெட்டிப்போட்டாங்கள்."

விசர் பிடித்தவள் பின் இருக்கையில் கத்தரிக்காயோடு இருப்பது அவருக்குத் தெரியாது. நானும் விட்டுக்கொடுக்கவில்லை. "வெட்டியிருக்க மாட்டினம் அண்ணை. சத்தமில்லாத இடத்தை எடுத்திருப்பினம்" என்றேன்.

"சத்தமில்லாத இடமோ? அது என்ரை இடம் தங்கச்சி!"

ஓட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பினார். கோபமில்லை, பெரிய மனத்தாங்கல். "அந்தத் திருவிழாவிலை சுருதிப்பெட்டி போட்டது நான்தான். நாயனமும் தவிலும் தொடங்கினாப் பிறகு என்னை ஆருக்குக் கேக்கும்? முன்னுக்கு ஒரு பத்து செக்கன் சுருதி தனியப் போகும். அந்தப் பத்து செக்கன்தான் நான். இவ்வளவு காலமும் கேட்டுக்கொண்டிருந்தனான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மென்மையான ஒலியை எல்லாம் மென்பொருள் நிசப்தம் என்று கணக்கெடுத்திருக்கிறது. இந்த ஒன்று மட்டுமா? பழைய ஒலிநாடாக்களில் இருந்து எடுத்த கோயில் பதிவுகள், எங்கள் ஊர்ப் பாடகர்களின் மெல்லிசைப் பாடல்கள் என்று வேறெங்குமே பிரதி இல்லாதவை எத்தனையோ இருந்தன. வெட்டுப்படாத கோப்புகள் பழைய கணினியில் மட்டும்தான். பத்து மணிக்கு அதுவும் போய்விடும். அப்போது நேரம் ஒன்பதரை.

அறிவிப்பாளரின் கைபேசிக்கு எடுத்தேன். நேயர்களோடு நேரடியாகக் கதைக்கும் நிகழ்ச்சியில் இருந்தார்; கைபேசியைச் சத்தம் வராமல் வைத்திருப்பார். அலுவலகத்தில் சனிக்கிழமை வேறு யாரும் இல்லை. மிச்சம் இருந்தது நேயர் இலக்கம் ஒன்றுதான். அது கிடைத்தால்தானே! திரும்பத் திரும்ப எடுத்தும் இணைப்புக் கிடைக்காமலே இருந்தது. 

"என்ன பிரச்சினை தங்கச்சி?"

மறைத்துப் பயனில்லை. "அண்ணை, வெட்டினது நான்தான்" என்று எல்லாவற்றையும் சொன்னேன். நல்லாய் வாங்கிக் கட்டப்போகிறேன் என்று நினைத்தேன்.  அவரோ தன் கைபேசியை எடுத்தார். பழக்கப்பட்ட நேயர் அல்லவா, எங்கள் இலக்கம் அதில் இருந்தது. அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், வீதியோரத்தில் நின்று மாறி மாறி எடுத்தோம். பத்துக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது அவருக்குக் கிடைத்தது. "முதலிலை உங்கடை றேடியோச் சத்தத்தைக் குறையுங்கோ" என்று அறிவிப்பாளர் சொன்னது ஓட்டோ வானொலியிலும் கேட்டது. குறைத்தார்.

"வணக்கம், எங்கையிருந்து கதைக்கிறீங்கள்? என்ன பாட்டு வேணும்?"

"கொடிகாமத்திலையிருந்து. பாட்டு ஒண்டும் வேண்டாம். பழைய கொம்பியூட்டரை அழிக்க வேண்டாமாம். இந்தாங்கோ, உங்கடை அக்கா கதைப்பா."

கைபேசியை வாங்கி, "ஓம், நான்தான். அதிலை கை வைச்சிடாதேங்கோ, நான் பிழை விட்டிட்டன்" என்றேன். குடாநாடே கேட்டது. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அன்றுபோல் ஒருநாளும் நிம்மதியாக மூச்சு விட்டதில்லை.

ஞாயிறும் திங்களும் இருந்து, அந்தக் கட்டத்தில் அடையாளம் போடாமல், பதினோராயிரத்தையும் மறுபடி ஏற்றினேன். அந்த நாதஸ்வரப் பதிவு வந்தபோது கலைஞர்களின் விபரத்தைப் பார்த்தேன். நாதஸ்வரக்காரரின் பெயர் இருந்தது, தவில்காரரின் பெயர் இருந்தது. மூன்றாவதாக, அன்று ஓட்டோவை விட்டு இறங்கும்போது கேட்டு வைத்திருந்த பெயரை நான் தட்டெழுதிச் சேர்த்தேன்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று இன்றும் அலுவலகத்தில் என்னைச் சீண்டுவார்கள். சறுக்கியதற்காக நான் பயந்துபோய் நிற்கவில்லை. மொத்தமாக ஏற்றுகிற வேலை எது வந்தாலும் இப்போதும் நான்தான் முன்னுக்கு நிற்பேன். ஆனால் ஓரிடத்தில் ஒன்றுமில்லை என்று மென்பொருள் சொன்னால் அதை அப்படியே நம்பிவிடுவதில்லை. அங்கே இருப்பது யார் என்று என் காதால் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் வெட்டுகிறேன்.