யாருக்கும் சொந்தமில்லாத மெட்டு

விருதுநகர் நீதிமன்றத்தில் என் கட்சிக்காரரின் வழக்கைக் கூப்பிடுவதற்காகக் காத்திருந்த காலையில்தான் திருத்தங்கலிலிருந்து போன் வந்தது. குருசாமி அண்ணாச்சியின் மனைவி பேசினார். "சார், அவுக போயிட்டாக. காப்பி குடிச்சிக்கிட்டு இருந்தாக, நெஞ்சப் பிடிச்சாக. அம்புட்டுத்தான்."

மைக் செட் குருசாமி என்றால் உங்களில் பலருக்குத் தெரியும். எனக்கு அவர் அதற்கு முன்பே பழக்கம். அப்போது அவர் பாட்டுப் பதிவுக் கடை வைத்திருந்தார். பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிற பெண்கள் எழுதித் தரும் பட்டியலைப் பார்த்து, புதுப்படப் பாட்டுகளை மெமரி கார்டில் ஏற்றிக் கொடுப்பார். ஒருநாள் ஒரு பாட்டு கம்பெனியின் ஆள் போலீசோடு வந்தான். கம்ப்யூட்டரோடு அவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். வழக்கை நடத்தலாம் என்று நான் சொன்னேன். "எதுக்கு சார்? அடுத்தவுக பாட்ட எடுத்து வித்தேன். தப்புத்தான், ஒத்துக்கிடுறேன்" என்றார். நீதிபதியிடமும் அதையே சொல்லிவிட்டுச் சிறைக்குப் போனார். திரும்பி வந்து கடையை மூடினார். மைக் செட் வாங்கினார்.

பிறகுதான் பட்டாசு ஆலையில் அந்த வெடிவிபத்து. அங்கே வேலை பார்த்த அவருடைய தங்கை ராமலட்சுமி அதில் போனாள். காலையில் அவள் எடுத்துப்போன சாப்பாட்டுத் தூக்குவாளி மட்டும் முழுசாகக் கிடைத்தது. முதலாண்டு நினைவுக் கூட்டத்தில் அண்ணாச்சி, தானே கட்டிய பாட்டைப் பாடினார்.

"தூக்குவாளி வீடு வந்துச்சே,
தூக்கிப்போன நீ எங்கன? எங்கன?"

கூட்டத்தில் அழாதவர்கள் இல்லை. வெளியூர்க்காரர் ஒருவர் கைப்பேசியில் பதிவு செய்தார். சரியாக விழவில்லை என்று அவர் இன்னொரு முறை கேட்டபோது, அண்ணாச்சி மறுபடியும் பாடிக் கொடுத்தார்.

இரண்டு வருடம் கழித்து அந்த மெட்டு ஒரு படத்தில் வந்தது. வேகமாக்கி, கொட்டு சேர்த்து, காதலியைத் தேடும் குத்துப்பாட்டாக்கியிருந்தார்கள். சொற்கள் வேறு; "எங்கன, எங்கன" மட்டும் அப்படியே இருந்தது. அதை எனக்குச் சொன்னபோது அண்ணாச்சி கல்யாண வீட்டிலிருந்து நேராக வந்திருந்தார். "மாப்பிள்ளையோட கூட்டாளிக அந்தப் பாட்டப் போடச் சொன்னாக, சார். ஆர்டர் எடுத்துட்டு மாட்டேன்னு சொல்ல முடியுமா? போட்டேன். என் தங்கச்சி செத்ததுக்கு ஆடுனாக."

படப்பாட்டை வெளியிட்ட கம்பெனிக்கு நான் நோட்டீஸ் அனுப்பினேன். 'இது காலங்காலமாக மக்கள் பாடிவரும் நாட்டுப்புற மெட்டு. யாருக்கும் சொந்தமில்லை' என்று பதில் வந்தது. மறு வருடம் நினைவுக் கூட்டத்தில் அண்ணாச்சி பாடியதைப் பட்டாசுத் தொழிலாளர் சங்கத்தார் இணையத்தில் ஏற்றினார்கள். மறுநாளே அது நீக்கப்பட்டது. பதிப்புரிமையை மீறிவிட்டாராம், உரிமையாளர் அதே கம்பெனியாம்.

"யாருக்கும் சொந்தமில்லன்னு எழுதிக் குடுத்தவுகளே இப்ப எங்களோடதுங்காக. இது எந்த ஊர் சட்டம், சார்?"

முதலில் கட்டியது நீங்கள்தான் என்று நிரூபிக்க வேண்டும், சென்னையில் வழக்குப் போட வேண்டும், பல வருடம் ஆகும் என்று விளக்கினேன். கடைசியில், "விட்டுருங்க அண்ணாச்சி" என்றேன். அவர் எழுந்து நின்றார்.

"நான் எடுத்தப்ப போலீஸ் வந்துச்சு. எங்கிட்ட எடுத்தா மட்டும் நீங்க சாட்சி கேக்கீக."

அதன்பின் அவர் என் அலுவலகத்துக்கு வரவில்லை. வழியில் பார்த்தால் வணக்கம் சொல்வார். அவ்வளவுதான்.

துக்கம் கேட்கப் போன துட்டி வீட்டில், "பெரிய மனசுக்காரர், எல்லாரையும் மன்னிச்சிட்டுத்தான் போயிருக்காரு" என்று சிலர் பேசிக்கொண்டார்கள். அவரைத் தெரிந்தவர்களே, தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். அவர் யாரையும் மன்னிக்கவில்லை. என்னையும்தான். தான் செய்த தவறை நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்ட மனிதர், தனக்குச் செய்யப்பட்ட தவறை ஒருவராவது ஒத்துக்கொள்வார்கள் என்று கடைசிவரை காத்திருந்தார். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

நீக்கப்பட்ட அந்தப் பதிவு என் கைப்பேசியில் இருக்கிறது. அவருடையதென்று என்னிடம் மிஞ்சியது அதுதான். அதைப் பிறருக்கு அனுப்பினால் கம்பெனி என் மீதும் வழக்குப் போடலாம். போடட்டும். கேட்பவர்களுக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்கிறேன், "இயற்றிப் பாடியவர்: குருசாமி" என்று மேலே எழுதி.