ரேடியோ சசியும் சாக்கடைக் குழாயும்

சசிரேகாவுக்கு ரேடியோ என்ற பட்டப்பெயர் பள்ளிக்கூட நாளிலேயே வந்துவிட்டது. தலைமையாசிரியருக்கு மாற்றல் வந்திருப்பதாகத் தோட்டக் கணக்கரான கிராணி வீட்டில் யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டு, அவள் அதை வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். அந்தச் செய்தி தலைமையாசிரியருக்கே அன்று மத்தியானம்தான் தெரிந்தது. ஒரு சின்னப் பிள்ளை வாசலில் நின்று, "போய்ட்டு வாங்க சார்" என்று கையாட்டியபோது.

இப்போது அவளுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. ரிங்லெட்டுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் மூன்றாம் டிவிஷனில் அவள் வீடு. விடிகிற நேரத்தில் மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு, தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கும் தோசையும் விற்கக் கிளம்புவாள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் ஒவ்வொரு லயன் முனையிலும் ஹாரனை மூன்று தடவை அழுத்துவாள். கதவுகள் திறக்கும். பொட்டலத்தோடு சேர்ந்து சேதியும் கைமாறும். யார் மகளுக்கு ஈப்போவில் வேலை கிடைத்தது, பாக்டரியில் எந்த மிஷின் நின்றது, கீழ் லயத்துக்கு வந்திருக்கும் புது நேபாளக்காரருக்குச் சமைக்கத் தெரியாமல் என்ன ஆனது, எல்லாம்.

ஜனங்களுக்கு அது பிடித்தும் இருந்தது, பிடிக்காமலும் இருந்தது. குழாயடியில் பெண்கள் ஏதாவது பேசிக்கொண்டிருக்கும்போது சசிரேகா வந்தால் பேச்சு சட்டென்று வானிலைக்குத் தாவிவிடும். "இன்னிக்கு ரொம்பக் குளிருதுலா" என்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே "ஆமா, குளிருது" என்பாள். வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு கொஞ்சம் வலிக்கும். புருஷன் கந்தனிடம் சொன்னால், பாக்டரியில் இலை காயவைக்கும் வேலை பார்க்கும் அந்த மனுஷன் அதிகம் பேசாமல், "விடு, நான் கேக்கறேன்ல" என்று மட்டும் சொல்வான்.

இப்படி இருக்கும்போதுதான் டிவிஷனுக்குக் குழாய் வேலை வந்தது.

லயன்களுக்குப் பின்னால் இருந்த கழிவுத் தொட்டிகள் பழையவை. மழைக்காலத்தில் நிரம்பி வழிந்து, திறந்த சாக்கடையில் ஓடி, ஓடையில் போய்ச் சேரும். அந்த நாட்களில் விருந்தாளிகளை யாரும் கூப்பிட மாட்டார்கள். புதிய திட்டப்படி எல்லா வீட்டுக் கழிவும் மண்ணுக்கடியில் குழாய் வழியாகக் கீழே கட்டப்படும் சுத்திகரிப்புத் தொட்டிக்குப் போகும். நல்ல காரியம்தான். ஆனால் வேலை தொடங்கிய முதல் நாளே கதை கந்தலானது.

முதல் வரிசையில் இருக்கும் பழனியப்பன் காலையில் குளித்துக்கொண்டிருந்தார். தலையிலும் முகத்திலும் சோப்பு நுரை. ஊற்றிய தண்ணீர் கீழே போகாமல் கணுக்காலுக்கு ஏறியது. அதோடு வரக்கூடாத வேறு சிலதும் மிதந்து வந்தன. அவர் துண்டைக் கட்டிக்கொண்டு நுரையோடு வெளியே பாய்ந்தார். வீட்டுக்குப் பின்னால் நாலைந்து ஆட்கள் குழாயை அடைத்துவிட்டுத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மேற்பார்வையாளன் தனேஸ், தாப்பாவிலிருந்து வந்திருந்த இளைஞன்.

"தண்ணி கீழ போவாம மேல வருது. என்னலா நடக்குது இங்க?"

"நோட்டீஸ் ஒட்டியிருக்கோமே அண்ணே. இன்னிக்கு இந்த வரிசைக்கு அடைப்பு."

"எங்க ஒட்டுன?"

"ஆபீஸ் செவுத்துல."

"ஒருத்தன் ஆபீஸ் செவுத்தப் பாத்துட்டா குளிக்கப் போவான்?"

அதற்குள் அக்கம்பக்கத்து ஆட்களும் கூடிவிட்டார்கள். சிலர் திட்டினார்கள், பழனியப்பனைப் பார்த்துச் சிரித்தவர்கள் பலர். அந்த நேரம் பார்த்து லயன் முனையில் ஹாரன் மூன்று தடவை ஒலித்தது. திட்டிக்கொண்டிருந்தவர்கள், சிரித்துக்கொண்டிருந்தவர்கள், அதுவரை எட்டிப் பார்க்காதவர்கள்கூட மோட்டாரை நோக்கிப் போனார்கள். பழனியப்பனும் நுரையோடு போனார். தனேஸ் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

கூட்டம் கலைந்ததும் அவன் மெதுவாக மோட்டார் அருகே வந்தான்.

"நாசி லெமாக் முடிஞ்சிருச்சு தம்பி. தோசைதான் இருக்கு" என்றாள் சசிரேகா.

"தோசை வேணாம்க்கா. ஒரு சேதி சொல்லணும், எல்லாருக்கும். நான் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க போல."

நாற்பது வருஷத்தில் சேதி சொல்லும்படி அவளை யாரும் கேட்டுக்கொண்டதில்லை. சொல்லாதே என்று கேட்டவர்கள்தான் உண்டு. அவள் பெட்டியை மூடினாள்.

"சொல்றேன். ஆனா எனக்கே புரியாதத நான் சொல்ல மாட்டேன். வா, மொதல்ல என்ன தோண்டறன்னு காட்டு."

அன்றைக்குக் காலையில் அவள் பள்ளத்தின் ஓரமாக நடந்து எல்லாவற்றையும் கேட்டாள். எந்தக் குழாய் எங்கே போகும், ஏன் அடைக்கிறார்கள், எவ்வளவு நேரம், அதற்குள் அவசரம் வந்தவர்கள் எங்கே போவது. மைதானத்தில் நிறுத்தியிருந்த நீல நிறத் தற்காலிகக் கழிவறைக்குள்ளும் போய்க் கதவைச் சாத்திப் பார்த்துவிட்டு வந்தாள். அன்று சாயங்காலம் டிவிஷனின் வாட்சாப் குழுவில் அவள் குரல் வந்தது.

"ரெண்டாவது வரிசை ஆளுங்க கேளுங்க. நாளைக்கு உங்களுக்கு அடைப்பு. காலைல வேலைக்காரங்க வர்றதுக்கு முன்னாடி எல்லாத்தையும் முடிச்சிருங்க. எல்லாத்தையும்னா எல்லாத்தையும்தான். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் மைதானத்துல இருக்கற நீலப் பெட்டிதான். கதவு கொஞ்சம் இறுக்கம், தோள வெச்சுத் தள்ளுங்க. பயப்படாதீங்க, நான் போய்ப் பாத்துட்டேன், சுத்தமாத்தான் இருக்கு. வயசானவங்க இருக்கற வீட்டுல எனக்குச் சொல்லுங்க, என் வீட்டுக்கு நாளைக்கு அடைப்பு இல்ல, இங்க வந்துட்டுப் போலாம்."

குழுவில் சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்தன. ஆனால் மறுநாள் இரண்டாவது வரிசையில் யார் காலும் நனையவில்லை.

அதற்குப் பிறகு அது வழக்கமானது. காலையில் பொட்டலத்தோடு சொல்வாள், சாயங்காலம் குரலில் அனுப்புவாள். கீழ் லயத்தில் இருந்த நேபாள, வங்காளதேசத் தொழிலாளர்களுக்கு மோட்டாரை நிறுத்தி மலாயில் சொல்வாள். ஒவ்வொரு நாட்டவரிலும் ஒருவர் அதைத் தன் மொழியில் பேசித் தங்கள் குழுவுக்கு அனுப்புவார். மழையில் மண் தோண்டும் பேக்கோ மேடேற முடியாமல் வேலை நின்றால் அதையும் சொல்வாள். "இன்னிக்கு மிஷின் வரல. வழக்கம்போலப் போங்க, நிம்மதியாப் போங்க." போகிற வழியில் ஆட்கள் அவளைக் கைகாட்டி நிறுத்த ஆரம்பித்தார்கள். குழாயடியில் அவள் வந்தால் பேச்சு நிற்கவில்லை. "வா சசி, எங்க வரிசைக்கு எப்போ?" என்றார்கள்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் தேநீர் குடித்துக்கொண்டே தனேஸ் வாயைவிட்டான். பெரிய குழாய் கடைசி வரிசைக்குப் பின்னால்தான் போகப்போகிறதாம். அங்கே வரிசையாக வீட்டுத் தோட்டங்கள். கீரை, மிளகாய், செவ்வந்தி. பாதிக்கு மேல் போய்விடும்.

"இத இன்னும் யாருக்கும் சொல்லலயா?"

"மிஷின் வர்ற அன்னிக்குச் சொல்லிக்கலாம்னு எங்க முதலாளி சொல்லிட்டாருக்கா. முன்னாடியே சொன்னா கூட்டம் போடுவாங்க, வேலை நின்னுரும்னு. நீங்களும் இத மட்டும் கொஞ்சம் அடக்கி வெச்சுக்குங்க."

சசிரேகா தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். அன்றிரவு கந்தனிடம்கூட அதைச் சொல்லவில்லை. அவன் இரண்டு தடவை அவள் முகத்தைப் பார்த்தான். மறுநாள் காலை அவள் ஹாரன் அடித்தாள், பொட்டலம் கொடுத்தாள், நகர்ந்தாள்.

"என்ன சசி, பேட்டரி போயிருச்சா?" என்றார் பழனியப்பன்.

"தொண்டை சரியில்லண்ணே."

கடைசி வரிசைக்கு வந்தபோது மணியம்மா வீட்டுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டாள். புருஷன் இறந்த பிறகு செவ்வந்தி வளர்த்து ரிங்லெட் பூக்கடைகளுக்குக் கொடுத்து வருகிறவள் அவள். பாத்தியைக் கொத்தி, எருப் போட்டு, கயிறு கட்டி அளந்து வைத்திருந்தாள். ஓரத்தில் தட்டுத் தட்டாக நாற்று.

"லெம்பா பெர்த்தாம் நாற்றங்கால்ல இருந்து எடுத்துட்டு வந்தேன். நல்ல ரகம். இன்னிக்கு நட்டுட்டா தீபாவளிக்குச் சரியா பூத்துரும். எப்படியிருக்கு, சொல்லு."

சசிரேகா நாற்றைப் பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள். குழாய் போகப்போகும் வழி அவள் கண்ணுக்குத் தெரிந்தது, கயிற்றின் குறுக்கே.

"நடாதீங்கக்கா" என்றாள்.

"ஏன், நாற்று சரியில்லையா?"

"நாற்று நல்லாத்தான் இருக்கு. எடந்தான் இருக்காது."

விஷயத்தைச் சொல்லி முடித்ததும் மணியம்மா பாத்தியில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினாள். சசிரேகா தொடர்ந்தாள். "வேற யாருக்கும் இன்னும் சொல்லல. மொதல்ல அந்தத் தம்பிகிட்ட போய், நான் சொல்லிட்டேன்னு சொல்லிட்டு வந்துடறேன். அவனுக்குத் தெரியாமப் பேசுனா நல்லாருக்காது."

"போய்ட்டு வா" என்று மணியம்மா நாற்றுத் தட்டுகளை நிழலுக்கு நகர்த்தினாள்.

தனேஸுக்கு முகம் வெளுத்துவிட்டது. "சொல்லாதீங்கன்னுதானேக்கா சொன்னேன்."

"சொன்ன. நானும் ஒரு ராத்திரி முழுக்க வெச்சுப் பாத்தேன், ஆகல. நான் ஹாரன் அடிச்சா எல்லாரும் ஏன் வெளிய வர்றாங்க? நான் சொன்னா அப்படியே நடக்குது, அதனால. நாளைக்கு மணியக்கா செடிய மிஷின் மிதிச்சிட்டா, அப்புறம் நான் நீலப் பெட்டின்னு சொன்னாலும் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. அப்போ உன் வேலைதான் நிக்கும்."

அவன் தள்ளிப் போய் முதலாளிக்குப் போன் போட்டான். நடந்துகொண்டே பேசினான், நின்று பேசினான், ஒரு கல்லை எட்டி உதைத்தான். திரும்பி வந்தபோது பாதி பயமும் பாதி நிம்மதியுமாக இருந்தான். "சொன்னது சொன்னதாச்சு, நீயே போய்ப் பேசிச் சமாளின்னுட்டாரு. நீங்க ஒரு வாய்ஸ் போட்டுருங்கக்கா."

"கூட்டம்னு மட்டும் போடறேன். இத நீ வந்து உன் வாயால சொல்லு. நான் பக்கத்துல நிக்கறேன்."

அன்று சாயங்காலம் கோயில் முன்னால் எல்லாரும் கூடினார்கள். தனேஸ் ஆரம்பத்தில் தடுமாறினான். சுற்றி வளைத்துப் பேசினான். சசிரேகா அவன் முழங்கையைத் தொட்டு, "நேராச் சொல்லு" என்றாள். சொன்னான். கூட்டத்தில் சத்தம் எழுந்தது. வெளிக்காட்டு வேலையாட்களைக் கவனிக்கும் மண்டோர் தர்மா எழுந்து நின்றார்.

"குழாய மேல் பக்கமா கொண்டு போனா என்ன?"

"அங்க மேடுண்ணே. கழிவு மேல ஏறாது. எங்களுக்கு வேற வழியிருந்தா இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டோம்."

"இத ஒரு மாசம் முன்னாடி சொல்ல வாயில்லையா?"

"சொல்லியிருக்கணும். தப்புதான்" என்றான் தனேஸ். தர்மா மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

மணியம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள். "மிஷின் எப்போ வருது?"

"அடுத்த மாசம்க்கா. மழை விட்டா மொத வாரம்."

"அப்போ நாள் இருக்கு. செடிய நான் தூக்கிட்டுப் போயிருவேன். எங்க வைக்கறதுன்னு மட்டும் யாராவது காட்டுங்க."

பேச்சு அங்கிருந்து திசைமாறியது. முன்பு வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச்சென்ற பழைய பிள்ளைக் கொட்டகைக்குப் பக்கத்தில் வெறுமனே கிடந்த நிலத்தைப் பலரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். தர்மா மறுநாளே தோட்ட நிர்வாகியான துரையைப் பார்த்துப் பேசினார். குழாய் வேலை முடிகிற வரைக்கும் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று துரை சொன்னார். முடிந்த பிறகு யாரும் அதைத் திரும்பக் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை டிவிஷனே மண்வெட்டியோடு கிளம்பியது. மிளகாய்ச் செடிகள் வேர்மண்ணோடு வாளிகளில் போயின. கீழ் லயத்து நேபாளத் தொழிலாளர்கள் முதுகில் கூடை கட்டி ஒரு பாத்தியையே சுமந்தார்கள். தனேஸின் ஆட்கள் பேக்கோவைக் கொண்டுவந்து புது இடத்தைக் கிளறிக் கொடுத்தார்கள். பழனியப்பன் வேலை செய்ததைவிட மேற்பார்வை பார்த்ததே அதிகம். சசிரேகா பெரிய அண்டாவில் கோழிக்கறி கிளறிக்கொண்டே யார் எந்தப் பாத்தி என்று கத்திக்கொண்டிருந்தாள். பிடுங்கியதில் சில செடிகள் வாடின. ஒரு முருங்கை பிழைக்கவில்லை. மணியம்மாவின் நாற்று மட்டும் அன்றைக்கே புது மண்ணில் இறங்கிவிட்டது. தீபாவளிக்கு இரண்டு நாள் தாமதமாகப் பூத்தது. "கார்த்திகைக்கு முந்திப் பூத்திருச்சு" என்று சொல்லி அதையும் விற்றுவிட்டாள்.

பெரிய குழாய் சொன்ன வாரத்தில் போகவில்லை. மழை விடவில்லை. ஒவ்வொரு முறை தள்ளிப்போனதையும் தனேஸ் முதலில் சசிரேகாவுக்குச் சொன்னான், அவள் மற்றவர்களுக்குச் சொன்னாள். ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. வருஷக் கடைசியில் எல்லா வீட்டையும் புதுக் குழாயில் இணைத்து, பழைய தொட்டிகளை மண்போட்டு மூடினார்கள். தனேஸ் அடுத்த வேலைக்காகக் கம்போங் ராஜாவுக்குக் கிளம்பினான்.

"அங்கயும் உங்கள மாதிரி ஒரு ஆளத் தேடணும்க்கா."

"தேடறது சுலபம். யாரைப் பத்தி ஊரே குறை சொல்லுதோ அவங்ககிட்ட போ" என்றாள் சசிரேகா.

அவன் போன அடுத்த வாரமே நாள் முழுக்கக் கொட்டும் மழை. மத்தியானமே வேலையை நிறுத்திவிட்டு எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். ஒவ்வொருவராகக் குடைபிடித்துப் பின்பக்கம் போய்ப் பார்த்தார்கள். எதுவும் வழியவில்லை. மழை வாசனையும் இலை வாசனையும்தான் இருந்தன. சசிரேகாவின் போனில் கேள்விகள் வரத் தொடங்கின. அங்கே எப்படி, இங்கே எப்படி, எல்லா வரிசையும் நல்லாயிருக்கா.

அவள் போனை வாய்க்கு அருகே பிடித்தாள். "எல்லா வரிசையும் கேளுங்க. நல்ல மழை. குழாய் நல்லாப் போவுது. வேற சேதி ஒண்ணும் இல்ல. டீ போட்டுக் குடிங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கந்தனின் போன் சட்டைப்பையில் அதிர்ந்தது. அவன் அதை எடுத்து, ஒலியைக் கூட்டி, பெண்டாட்டியின் குரலை முதலிலிருந்து கடைசிவரை கேட்டான். பிறகு எழுந்து டீ போடப் போனான்.