மச்சான் கடையில் ஒரு ழகரம்

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. பிறவிக் குணம், என்ன செய்ய? பசியாறப் போன கடையில் தோசை வந்தால்கூட, முதலில் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிய்ப்பேன்.

எண்பதுகளின் கடைசியில் ஈப்போ புந்தோங்கில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் சின்ன அச்சகம் வைத்திருந்தேன். கம்ப்யூட்டர் ஒன்றும் வாங்கிப் போட்டிருந்தேன். ஆனால் அதில் தமிழ் இல்லை. தமிழ் எழுத்து அத்தனையையும் திரையில் புள்ளி புள்ளியாக வைத்து உண்டாக்கியவள் என் மனைவி. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். எழுபதுகளில் அந்தத் தோட்டத்துக் கோயில் திருவிழா என்றால் அறிவிப்புப் பலகை எழுத அவளைத்தான் கூப்பிடுவார்கள். காலையில் பால்மரம் வெட்டிய அதே கை, சாயங்காலம் பலகையில் எழுதும். அந்த எழுத்தைப் பார்த்துத்தான் நான் பெண் கேட்டுப் போனேன்.

பச்சைத் திரைக்கு முன்னால் ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து அவள் அதை முடித்தபோது கண் கெட்டுவிட்டது. "இனிமே இந்த வேலையே வேணாம்மா" என்று கண் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆக, அந்த எழுத்து போனால் போனதுதான். இன்னொரு தடவை அவளால் செய்ய முடியாது.

சும்மா விடுவேனா? எல்லாவற்றையும் டிஸ்கெட்டுகளில் நகல் எடுத்து இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில்.

யாருக்குப் பயந்து பூட்டினேன் என்றால், என் மச்சானுக்கு. மனைவியின் தம்பி. என்னிடம் வேலை செய்துகொண்டிருந்தவன், ஒரு நாள் என்னோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டு போய் குனோங் ராபாட்டில் தனிக்கடை போட்டான். போகட்டும் என்று விட்டேன். அப்புறம் அவன் கடையில் அடித்த ஒரு புதுமனை அழைப்பிதழ் என் கைக்கு வந்தது. அதில் ஒரு ழ. என் மனைவி ழகரத்தின் கீழ்ச் சுழியை உள்ளே மடக்காமல் வெளியே கொஞ்சம் நீட்டி விடுவாள். வேறு யாரும் அப்படி எழுதி நான் பார்த்ததில்லை.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே அவன் கடைக்குப் போய், "இது யாரு எழுத்துடா?" என்று அழைப்பிதழை மேசையில் வீசினேன்.

"உங்க பத்திரிகையிலேர்ந்து வெட்டி ஒட்டுனதுதான் லா மச்சான். ஒரு எழுத்துதானே?" என்று சிரித்தான். என் கண்ணைப் பார்க்கவில்லை. பயல் எதையோ மறைக்கிறான் என்று அப்போதே எனக்குப் பொறி தட்டியது. வீட்டுக்கு வந்து குதித்தேன். மனைவி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "ஒரு எழுத்துக்கு எதுக்கு இந்தக் குதி?" என்றாள், தலையை நிமிர்த்தாமலே. தம்பி மேல் பாசம், அதான் மழுப்புகிறாள் என்று நினைத்தேன்.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு மெஷினை அணைத்து, மாலை போட்டு, சில நாள் யாரும் தொடவில்லை. பூஜை முடிந்து சுவிட்சைப் போட்டால் உள்ளே 'டக் டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். திரையில் ஒன்றும் வரவில்லை.

டவுனிலிருந்து பழுது பார்க்கும் சீனர் வந்தார். மெஷினைக் கழற்றியபோது அவர் தோளுக்குப் பின்னாலேயே நின்றேன். நல்ல சாமானை உருவிக்கொண்டு மட்டமானதை மாட்டிவிட்டால்? அவர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஹார்ட் டிஸ்க் ரோசாக் லா தவுக்கே. இனி எழும்பாது. புதுசு போடலாம், ஆனா உள்ளே இருந்தது வராது."

"அது கிடக்குது. நகல் இருக்கு" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அலமாரியைத் திறந்தேன். புது டிஸ்க் போட்டாயிற்று. முதல் டிஸ்கெட்டைச் செருகினார். மெஷின் கரகரவென்று இழுத்தது, படிக்க முடியவில்லை என்றது. இரண்டாவதும் அப்படியே. அடுத்ததும்.

"பாத்தியா! உன் தம்பி வேலை!" என்று மனைவியைப் பார்த்துக் கத்தினேன். "அலமாரி வரைக்கும் வந்துட்டான்!"

சீனர் ஒரு டிஸ்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதன் முகத்தில் நீளமாக ஒரு திறப்பு இருக்குமே, அதற்குள் தெரிகிற கறுப்புத் தகட்டில்தான் எல்லாம் பதிந்திருக்கும். அதன் மேல் காய்ந்துபோன சிவப்பு. "இது என்ன?" என்று கேட்டார்.

சந்தனமும் குங்குமமும். பூஜையன்று வேறு யாரும் தொடக்கூடாது என்று நானே உறையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, பயபக்தியோடு பொட்டு வைத்தேன். பொட்டு வைக்கவென்றே விட்ட இடம் மாதிரி இருந்தது அது, நான் என்ன கண்டேன்? சந்தனத்தைத் தண்ணீராகக் கரைத்துக் கொடுத்ததும் இவள்தானே!

மனைவி, திரைக்கு முன்னால் அந்த ஒரு வருஷமும் உட்கார்ந்திருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. எனக்கு ஐயோ என்றிருந்தது. மச்சான் மட்டும் நிஜமாகவே திருடியிருக்க வேண்டும் சாமி என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். அவன் யோக்கியனாக மட்டும் இருந்துவிடக்கூடாதே என்று.

அவளே எழுந்து போனைச் சுழற்றினாள். "தம்பி, அக்கா குடுத்தது பத்திரமா இருக்கா? எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு ஒடனே வா."

"என்னது? நீ குடுத்தியா?"

"ஆமா."

"பூட்டி வெச்சிருந்தேனே!"

"நீங்க பூட்டுனது டிஸ்கெட்ட. மெஷினு முன்னால நாள் பூரா ஒக்காந்திருந்தது யாரு? நீங்க டெலிவரிக்குப் போன நேரத்துல எடுத்துக் குடுத்தேன்."

மச்சான் வந்தான். டிஸ்கெட்டுகளை ரொட்டி டின்னில் பிளாஸ்டிக் சுற்றி அடுக்கி வைத்திருந்தான். என்னிடம் தராமல் தானே ஒவ்வொன்றாகச் செருகினான். நானும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன், எதையாவது விட்டுவிடுவானோ என்று. அ வந்தது. ஆ வந்தது. கடைசியில் ழகரம் வந்தபோது மனைவி திரையருகே முகத்தைக் கொண்டுபோய் அந்தச் சுழியை விரலால் தொட்டுப் பார்த்தாள். அழுதுவிட்டாள்.

அவன் டின்னை மூடியதும் நான் கையை நீட்டினேன். "அத இங்கயே வெச்சிட்டுப் போ. இனிமே நான் பாத்துக்கறேன்."

அவன் கொடுத்துவிட்டான். என் கையிலிருந்து அதை வாங்கி, மறுபடியும் தம்பியின் பையில் வைத்தாள் மனைவி.

"எழுதுனது நானு. எங்க இருக்கணும்னு நான்தான் சொல்லணும். எடுத்துக்கிட்டுக் கெளம்பு."

மச்சான் வாசல்வரை போனவன் நின்று, போகட்டுமா என்பதுபோல என் முகத்தைப் பார்த்தான்.

"அவர என்னாடா பாக்குற? போ."