அறைக்குள் இருந்த நான்

வெளிநாட்டுக்காரனுக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறவன் முதலில் பழக வேண்டியது பொய். பெரிய பொய் இல்லை. "நான் முழிச்சுத்தான் இருக்கிறேன்" என்ற சின்னப் பொய்.

என்னுடைய தொழில் படங்களைத் திருத்துவது. மெல்பேர்னில் ஒருத்தர், ஜெர்மனியில் ஒருத்தர், டொரொண்டோவில் ஒரு பெண்மணி. ஆட்களின் படத்தை அனுப்புவார்கள். ஆளை மட்டும் விட்டுப் பின்னால் இருப்பதையெல்லாம் அழித்துக் கொடுப்பேன். சோளகக் காற்றடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் மெல்பேர்னுக்குக் காலை ஒன்பது மணியென்றால் எங்களுக்கு விடிய நாலரை, சுபஹ் தொழுகை நேரம். ஜெர்மனிக்கு விடியும்போது எங்களுக்கு மத்தியானம், லுஹர். டொரொண்டோவுக்கு விடியும்போது பொழுதுபட்டு மஃரிப். மூன்று பேருக்கும் நான் காலை வணக்கம் சொல்ல வேண்டும். மனுசனுக்கு எத்தனை தரம் விடியும்?

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். செய்தியை முன்கூட்டியே எழுதி, நேரம் குறித்துக் கணினியில் போட்டுவிட்டால் அது தன்பாட்டில் போகும். ஒரு கிழமைக்கு உரியதை ஞாயிற்றுக்கிழமையே எழுதிவிடுவேன். "வேலை தொடங்கிவிட்டேன்", "பாதி முடிந்தது", "இன்று மாலைக்குள் கிடைக்கும்." நான் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போதே மெல்பேர்ன்காரர் எனக்கு நன்றி சொல்லுவார். சும்மா சொல்லக் கூடாது, தொழில் ஓகோவென்று போனது.

அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. மனைவிக்கும் அப்படியே போட்டு வைத்தேன்.

அவள் பள்ளிக்கூட ஆசிரியை. எனக்குச் சுகர், விடிய இன்சுலின் ஊசி. ஊசி போட்டு அரை மணித்தியாலத்துக்குள் சாப்பிடாவிட்டால் ஆள் சரிந்துவிடுவேன். காலைச் சாப்பாட்டை மூடி என் அறையில் வைத்துவிட்டுத்தான் அவள் வேலைக்குப் போவாள். போய், ஃபோனில் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பதில் போடாவிட்டால் சண்டை. ஆகவே எட்டரைக்கு "சாப்பிட்டுட்டன்" என்று ஒவ்வொரு நாளும் தானாகப் போகும்படி செய்தேன். பிறகு மத்தியானத்துக்கு ஒன்று, பின்னேரம் அசருக்கு ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்கு ஒன்று. ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு இதெல்லாம் தேவையா என்று கேட்பீர்கள். கதவு மூடியிருந்தால் தட்டக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். அசர் டீயைக்கூட வாசலில் ஒரு ஸ்டூலில் வைத்துவிட்டுப் போவாள். பிறகு நான் கதவைத் திறந்து எடுத்துக் குடித்துவிட்டு வெறுங்கோப்பையை வைப்பேன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மெல்பேர்ன் வேலையை முடித்து, ஊசியும் போட்டாயிற்று. அவள் மகளையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாள். கண் எரிந்தது. வீட்டுக்குப் பின்னால் கிடக்கிற கடலேரி, எங்கள் களப்பு, அங்கே கால் மணித்தியாலம் காற்று வாங்கினால் நல்லது என்று தோன்றியது. என் அறைக்கு வளவுப் பக்கம் இன்னொரு கதவு உண்டு. அந்த வழியால் வெளியே வந்தேன். கரையில் மச்சானுடைய சின்னத் தோணி நின்றது. அவர் மதுரங்குளிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். கம்பை ஊன்றிக் கொஞ்சத் தூரம் போனேன்.

காற்று திடீரென்று எழும்பியது. ஆலங்குடாவில் பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வெள்ளைக்காரன் காசு கொடுத்துத் தேடி வருகிற அதே காற்று. திருப்புவோம் என்று கம்பை அழுத்தி ஊன்றினேன், சேற்றில் இறுகிவிட்டது. இழுத்தேன். தோணி என்னைக் கொண்டு போனது, கம்பு அங்கேயே நின்றுவிட்டது. எட்டிப் பிடிக்கப் போனதில் சட்டைப்பையில் இருந்த ஃபோன் தண்ணீருக்குள் விழுந்தது. தோணி நேரே போய்க் கண்டல் மரத் திட்டு ஒன்றில் சொருகிக்கொண்டது. இறங்கிப் பார்த்தேன், சேறு இடுப்புக்கு வந்தது. திரும்ப ஏறிக்கொண்டேன்.

முதலில் பயமே வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. அந்தா என் வீடு தெரிகிறது. கறுப்புத் தண்ணீர்த் தாங்கி, என் அறை ஜன்னல், அதில் நீலத் திரை. கத்தினேன். காற்று வீட்டுப் பக்கமிருந்து வந்ததால் என் சத்தம் எனக்குப் பின்னால் போனது. வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடியும்வரை எங்கள் ஆட்கள் தோணி இறக்க மாட்டார்கள். களப்பில் ஒரு குருவி கிடையாது. பரவாயில்லை, எட்டரைக்கு அவள் கேட்பாள், பதில் வராது, யாரையாவது அனுப்புவாள் என்று கணக்குப் போட்டேன்.

அப்போதுதான் நினைவு வந்தது. எட்டரைக்குப் பதில் போகும். "சாப்பிட்டுட்டன்."

ஊசி போட்டு அரை மணித்தியாலம் தாண்டிவிட்டது. சுகர் இறங்குகிறது. சட்டைப்பையில் எப்போதும் ஒரு டொபி வைத்திருப்பேன்; ஃபோன் போனாலும் அது கிடந்தது. பாதியைக் கடித்து, மிச்சத்தைக் கடதாசியில் சுற்றி வைத்தேன். அந்தப் பாதி டொபிதான் இனி என் உயிர்.

பள்ளிவாசலில் ஜும்மாவுக்கு வாங்கு சொன்னது நன்றாகக் கேட்டது. கேட்டுக்கொண்டே கணக்குப் பார்த்தேன். இப்போது ஜெர்மனிக்குக் காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருப்பேன். ஒன்றரைக்கு மனைவிக்கு, "ஜும்மா முடிஞ்சு வந்துட்டன். படுக்கிறன், தட்டாத." நாலு மணிக்கு, "மீற்றிங். டீயை வாசல்ல வை." ஒன்றொன்றாக நினைவு வந்தது. எல்லாம் என் சொற்கள், என் தோரணை, சலிப்புக்கூட என்னுடையதே. நான் அங்கே அறைக்குள் சுகமாக இருந்துகொண்டிருந்தேன். பிறகு இங்கே இருக்கிறவனை யார் தேடுவார்?

காற்று அடங்காததால் ஜும்மாவுக்குப் பிறகும் ஒரு தோணி இறங்கவில்லை. வெயிலில் மிச்ச டொபியும் போய்விட்டது. அசர் வாங்குக்குப் பிறகு ஜன்னலைப் பார்த்தேன். நீலத் திரை விலகியது. ஒருத்தன் நின்று களப்பைப் பார்த்தான். பிறகு திரையை இழுத்து மூடினான். சுகர் இறங்கினால் கண் பொய் சொல்லும், எனக்குத் தெரியும். ஆனாலும் அவனைப் பார்த்துக் கை காட்டினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், "என்னைக் காப்பாத்து" என்று அவனிடம்தான் கெஞ்சினேன்.

மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் நண்டு வலை போட வந்த ஒருவர் என்னைக் கண்டார். பிளாஸ்கில் இருந்த சீனி டீயை வாயில் ஊற்றி, "அல்லாஹ்வே, இஞ்ச என்ன செய்றீங்க? ஊட்டில தேடலியா?" என்று கேட்டார். நான் டீயையே குடித்துக்கொண்டிருந்தேன். கரையில் இறக்கிவிட்டார். இடுப்புவரை சேற்றோடு, உப்புப் பூத்த முகத்தோடு வீட்டுக்கு நடந்தேன்.

முன்கதவால் உள்ளே போனேன். மனைவி சோறு போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். என் அறையின் மூடிய கதவைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். கையிலிருந்த அகப்பை விழுந்தது.

"ஆரு நீங்க?" என்றாள்.

"நான்தான்!"

"கிட்ட வராதீங்க!" மகளை இழுத்துத் தன் பின்னால் மறைத்துக்கொண்டாள். "அவர் உள்ளுக்கு இருக்கிறார்."

அந்த நேரம் பார்த்து மேசையில் கிடந்த அவளுடைய ஃபோன் கீச்சிட்டது. ஏழு மணி. குனிந்து பார்த்து, கத்திக்கொண்டு மகளோடு சுவரில் ஒட்டிக்கொண்டாள். பார்க்காமலே எனக்குத் தெரியும் அதில் என்ன இருக்கிறதென்று. "இன்னும் அரை மணித்தியாலத்தில வாறன். சோறு போடாத."

வளவுப் பக்கம் ஓடிப்போய் அறைக்குள் நுழைந்து, உள்கதவைத் திறந்து வெறும் கதிரையைக் காட்டினேன். காலைச் சாப்பாடு மூடியபடியே இருந்தது. கணினி விழித்திருந்தது. டொரொண்டோப் பெண்மணி எழுதியிருந்தார்: "இன்றும் சொன்ன நேரத்துக்கே வந்துவிட்டீர்கள். நன்றி."

அவள் நிலத்தில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். அழுது முடிந்ததும், "ஒரு சந்தேகமும் வரேல்லையா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எல்லா நாளும் போலதானே இருந்திச்சு" என்றாள். "நேத்தும் இப்பிடித்தான். முந்தநாளும் இப்பிடித்தான்."

ஸ்டூலில் இருந்த கோப்பையைப் பார்த்தேன். அசருக்கு அவள் வைத்த, பாலில்லாத இஞ்சி பிளேன்டீ. கோப்பை வெறுமையாக இருந்தது.

"பூனை குடிச்சிருக்கும்" என்றேன்.

"இஞ்சி பிளேன்டீயைப் பூனை குடிக்குமா?"

நேரம் குறித்து வைத்த செய்திகளையெல்லாம் அன்றைக்கே அழித்தேன். மெல்பேர்ன்காரர் போய்விட்டார், போகட்டும். இப்போது கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனாலும் அவள் டீயை ஸ்டூலில் வைப்பதில்லை. கையில் கொண்டு வருவாள். நான் கடைசி மிடறு குடிக்கும்வரை பக்கத்தில் நின்று என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பாள். "வச்சிட்டுப் போயேன்" என்று ஒரு நாள் எரிந்து விழுந்தேன்.

"வச்சிட்டுப் போனா," என்றாள், "ஆரு குடிக்கிறதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"