உப்புத் தண்ணீர் என்று எழுதிய டிரம்

நான் பயந்த சுபாவம் உள்ளவன். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டு, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். பஸ் டிரைவர் போன் பேசினால் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடுவேன். இப்படிப்பட்டவன் அரியலூரில், கடலைப் பார்க்க அரை நாள் பயணம் போக வேண்டிய ஊரில், வீட்டுக் கூடத்தில் கடல் மீன் வளர்த்ததை ஆலையில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஆசைப்பட்டு வாங்கியது இல்லை. ரெட்டிபாளையம் பக்கம் நான் வேலை பார்க்கும் சிமெண்ட் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் கூட இருந்தவர் ஒருவர், மாற்றலாகிப் போகும்போது தூக்கிக்கொண்டு போக முடியாமல் தொட்டியை என் தலையில் கட்டிவிட்டார். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பாறை மேல் பச்சை விரல்களை அசைத்துக்கொண்டு ஒரு பவளம். அப்போது என் மனைவிக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை இறந்து பிறந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அவள் அறையை விட்டு வெளியே வருவதே இல்லை. துணைக்கு வந்து தங்கிய அவளுடைய அம்மா, என் அத்தை, சோற்றுத் தட்டை உள்ளே கொண்டுபோய் வைப்பார். கொஞ்ச நேரம் கழித்து அதை அப்படியே திருப்பி எடுத்து வருவார்.

ஒரு நாள் மத்தியானம் கூடத்திலிருந்து அவள் குரல் கேட்டது.

"ஏண்டி, அவன் பங்கையும் நீயே தின்னுட்டா அவன் என்னத்தத் திம்பான்?"

பெரிய மீனைத் திட்டிக்கொண்டிருந்தாள். அத்தை அடுப்படியில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் அது நிலைக்கவில்லை. இந்த மீன்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவள் மறுபடி அறைக்குள் போய்விடுவாள், அப்புறம் யார் கூப்பிட்டாலும் வரமாட்டாள் என்று தோன்றிவிட்டது. அன்றிலிருந்து என் உயிர் அந்தத் தொட்டிக்குள்தான் கிடந்தது.

நண்பர் விட்டுப்போன உப்பு தீர்ந்ததும் சோதனை ஆரம்பித்தது. கடல் மீனுக்கென்று கடையில் விற்கும் உப்புக் கலவையைச் சுத்தமான தண்ணீரில் கரைத்து, தொட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துவிட்டு அந்த அளவுக்குப் புதிதாக ஊற்ற வேண்டும்.

"உப்புதான மாப்ள, கல்லுப்பு ரெண்டு கை அள்ளிப் போட்டா ஆவாதா?" என்றார் அத்தை.

ஆகாது. திருச்சிக் கடையில் பழைய உப்பு வருவது நின்றுபோயிருந்தது. இருந்தவை இரண்டு வகை. ஒன்று மீன் மட்டும் இருக்கிற தொட்டிக்கு. மற்றது பவளத்துக்கு, சுண்ணாம்புச் சத்து தூக்கலாகப் போட்டது. முதலாவதை வாங்கினால் பவளம் வாடிப்போகும் என்றார்கள். இரண்டாவதைக் கரைத்ததில் தண்ணீர் பாலாக வெளுத்து, எல்லாம் செத்துப்போனதாக ஒருவர் இணையத்தில் படத்தோடு போட்டிருந்தார். அதற்குக் கீழேயே இன்னொருவர் அதே உப்பைக் கும்பிடாத குறையாகப் புகழ்ந்திருந்தார். நாள் முழுக்கச் சுண்ணாம்புக் கல்லைச் சோதித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். ஒரு பாக்கெட்டுக்குள் இருக்கும் சுண்ணாம்பை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைக்கு இரண்டு முறை போய் வெறுங்கையோடு திரும்பினேன்.

"பச்சைய வாட வுட்றாதீங்க" என்று மனைவி சொன்னாள். அதனால் பவளத்து உப்பையே வாங்கினேன்.

அந்தச் சனிக்கிழமை அவள் பல மாதங்களுக்குப் பிறகு வெளியே கிளம்பினாள். தன் அண்ணியோடு கல்லங்குறிச்சிப் பெருமாளைப் பார்த்துவிட்டு, ஜெயங்கொண்டத்தில் அண்ணன் வீட்டில் தங்கி, மறுநாள் திரும்புவதாக ஏற்பாடு. செருப்பை மாட்டிக்கொண்டே, "ரெண்டையும் பாத்துக்கங்க" என்றாள். தலையை ஆட்டினேன்.

அவள் போனதும் குளியலறைக்குப் பக்கத்தில் ஒரு டிரம்மில் கேன் தண்ணீரை நிரப்பி, புது உப்பை எடை போட்டுக் கரைத்தேன். பளிங்காகக் கரைந்தது. உப்பளவு பார்க்கும் கருவியில் பார்த்தேன், சரியாக இருந்தது. கலக்கிக்கொண்டே இருக்க ஒரு சின்ன மோட்டாரை உள்ளே போட்டுவிட்டேன். யாராவது தெரியாமல் இதைக் குடித்துவிட்டால் என்னாவது என்று அதிலும் ஒரு பயம். டிரம்மின் மேல் மார்க்கர் பேனாவால் கொட்டை எழுத்தில் 'உப்புத் தண்ணீர்' என்று எழுதினால் போதும் என்று பட்டது. எழுதிவிட்டு ஷிப்டுக்குப் போனேன்.

சாயங்காலம் வந்து பார்த்தபோது டிரம் நிறைய இருந்தது. லேசாக ஒரு வெண்மை ஓடியது. கருவியில் இன்னொரு தடவை பார்க்கத் தோன்றியது. தப்பாகக் காட்டினால் என்ன செய்வது என்ற பயத்தில் பார்க்கவில்லை. பயந்தவன் புத்தி அப்படித்தான் போகும். புது உப்பு, இப்படித்தான் இருக்கும்போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, தொட்டியில் கால்வாசியை மாற்றினேன்.

காலையில் சின்ன மீன் மணலில் ஒருக்களித்துக் கிடந்தது. பெரியது மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தது. பவளம் விரல்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டது. உப்புப் பாக்கெட்டை எடுத்துச் சுவரில் வீசினேன். கடைக்காரரை, பவளத்தை, இணையத்தில் புகழ்ந்து எழுதியவரை, எல்லோரையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

சத்தம் கேட்டு அத்தை வந்தார்.

"உப்பு என்ன மாப்ள பண்ணும்? நேத்து அதுலதான துணி தொவச்சேன். எனக்கு ஒண்ணும் ஆவலையே."

"எதுல?"

"அந்த டிரம்முலதான். நீங்க ஷிப்டுக்குப் போனதும் கரண்ட் போயிருச்சு. மேல தொட்டியில சொட்டுத் தண்ணி இல்ல. நீங்கதான் உப்புத் தண்ணின்னு எழுதி வச்சிருந்தீங்க. சோப்பே நொரைக்கல, அரைக் கட்டி கரைஞ்சு போச்சு. பொறவு கரண்ட் வந்ததும் போர் தண்ணியப் புடிச்சு ரொப்பி வச்சுட்டனே. கொறஞ்சிருந்தா நீங்க சங்கடப்படுவீங்கல்ல."

எங்கள் பக்கத்தில் குழாயில் வருவது நல்ல தண்ணி, குடிக்க. போரில் வருவது உப்புத் தண்ணி, துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும். பக்கெட்டில் வெள்ளையாகப் படியும் அந்தத் தண்ணீருக்கு இங்கே வேறு பெயரே கிடையாது. சின்னப் பிள்ளையிலிருந்து நானும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். கடலை நினைத்துக்கொண்டு நான் எழுதினேன், அத்தை துணியை நினைத்துக்கொண்டு படித்தார். சோப்புக் கையோடு மொண்ட டிரம்மில், மிச்சமிருந்த உப்போடு போர் தண்ணீரும் சேர்ந்து, எல்லாம் நேரே தொட்டிக்குள் போயிருக்கிறது.

அத்தைக்கு விஷயம் புரிய ஆரம்பித்ததும் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, அவ வந்தா என்ன சொல்லுவேன்?" என்று தரையில் உட்கார்ந்தார். பிறகு சட்டென்று எழுந்து என் கையைப் பிடித்தார்.

"அவகிட்டச் சொல்லாதீங்க மாப்ள. அவ தாங்கமாட்டா. இதே மாதிரி ஒண்ணு திருச்சில வாங்கியாந்து போட்ருங்க. அதுவரைக்கும் நான் ஏதாச்சும் சொல்லிச் சமாளிக்கிறேன்."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. செத்த மீனை ஒரு சில்வர் கிண்ணத்தில் எடுத்து, தட்டால் மூடி, அடுப்படி அலமாரியில் வைத்தேன். சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஆட்டோ சத்தம். சாயங்காலம் வர வேண்டியவள் காலையிலேயே வந்துவிட்டாள்.

பையைக்கூடக் கீழே வைக்காமல் தொட்டி முன்னால் குனிந்தாள்.

"சின்னவன் எங்க?"

"பாறைக்குப் பின்னால இருக்கும்" என்றார் அத்தை.

அவள் பாறைக்குப் பின்னால் பார்த்தாள். அப்புறம் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். இதோ இப்போது எழுந்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்தப் போகிறாள் என்று அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எங்க வச்சிருக்கீங்க?" என்றாள்.

அத்தையின் கண் அடுப்படிப் பக்கம் போனது.

"அன்னைக்கும் இப்படித்தான். நான் கண்ணு முழிக்கறதுக்குள்ள எம் புள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டீங்க. பாத்தா தாங்கமாட்டேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. இதையாச்சும் காட்டுங்க."

என்னையும்தான் பெரியவர்கள் யாரும் பார்க்க விடவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதை விழுங்கிவிட்டுத் திரும்பினேன். உள்ளே போய்க் கிண்ணத்தை எடுத்து வந்து கொடுத்தேன். அவள் தரையில் உட்கார்ந்து, மீனை உள்ளங்கையில் எடுத்து வைத்து, ஒற்றை விரலால் அதன் வெள்ளைப் பட்டையைத் தடவினாள். அழவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெருசு இன்னும் மூச்சு வுடுது. போயி உப்பக் கரைங்க" என்றாள் என்னிடம்.

சுவரோரம் கிடந்த பாக்கெட்டைப் பொறுக்கிக்கொண்டு பின்பக்கம் திரும்பினேன். கிழிந்த ஓரத்திலிருந்து உப்பு கொஞ்சம் தரையில் சிந்தியது. அப்போது அவள் தன் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டது காதில் விழுந்தது.

"நீ பாத்தேல்லம்மா. எப்படி இருந்துச்சு?"

அத்தை அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னார்.

"தலை நெறைய முடிடி. மூக்கு அப்படியே ஒன்னுது."

பாக்கெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நான் அங்கேயே நின்றேன். என் குழந்தைக்குத் தலை நிறைய முடி இருந்தது எனக்கும் அப்போதுதான் தெரியும்.