மாத்திரையை நேர்ச்சையாகக் கொட்டினேன்

பிள்ளைகளே, உங்களோடு கோயிலில் மறைக்கல்வி படிக்கிற அமலியின் அப்பா எழுதுகிறேன். எட்டாவதுவரைதான் படித்தவன். மரக்காணம் உப்பளத்தில் வேலை. அமலி அவள் அம்மா ரோசியின் வயிற்றில் மூன்று மாதமாக இருந்தபோது, ரோசியின் மாத்திரைகளைப் பிடுங்கிக் கொட்டியவன் நான்தான்.

ரோசிக்கு மனச்சோர்வு. சோம்பல் இல்லை, நோய். மாத்திரை சாப்பிட்டால் சிரிப்பாள், சமைப்பாள், என்னைக் கேலி செய்வாள்.

அவள் கர்ப்பமானதும் ஜெபக்கூட்டத்து அக்கா ஒருவர் வந்தார். "மாதா மேல நம்பிக்க இருந்தா மாத்திரை எதுக்குடி? புள்ள மந்தமாப் பொறக்கும்" என்றார். பயந்துபோனேன். உப்பளத்து ஆட்கள் நாங்கள் வருடத்தின் முதல் உப்பை, மாதா சிலை வைத்த குகை போன்ற கெபியில் நேர்ச்சையாகக் கொட்டுவோம். உப்பு கரைவதுபோல் நோய் கரையும் என்று நம்பிக்கை. அந்த வருடம் உப்போடு மாத்திரைகளையும் அட்டையிலிருந்து பிரித்துக் கொட்டினேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டு வாரத்தில் ரோசி படுத்துவிட்டாள். சோறு இறங்கவில்லை. "என்ன உட்ரு" என்பதைத் தவிர பேச்சில்லை. அக்கா எட்டிப் பார்த்து, "இன்னும் விசுவாசம் பத்தல" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கெபிக்கு ஓடினேன். அது ஜெபமா சண்டையா தெரியாது. "மாத்திரய நிறுத்தச் சொல்லி நீ சொன்னியா?" என்று மாதாவிடம் கத்தினேன். பிறகு அழுதேன். "ரெண்டு பேரையும் காப்பாத்தும்மா."

மறுநாளே கர்ப்பிணிகளைப் பார்க்க நர்ஸம்மா வந்தார். ரோசியைப் பார்த்து, மாத்திரை நின்றதைக் கேட்டறிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்பா, யாரக் கேட்டு நிறுத்துன?"

"மாதாவுக்கு நேர்ச்சைங்க."

"மாதா வந்து கேட்டாங்களா? கெளம்பு ஆஸ்பத்திரிக்கு!"

அந்தத் திட்டில் எனக்குப் பாதி உயிர் வந்தது.

டாக்டரம்மா மறைக்காமல் பேசினார். "ஆபத்தே இல்லன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா அம்மா இப்படிக் கெடந்தா அதுவும் புள்ளயத்தான் தாக்கும். ரெண்டையும் யோசிச்சுதான் குடுக்கறோம். நீங்களா நிறுத்தாதீங்க."

மறுபடி மாத்திரை. ரோசி மெல்ல எழுந்தாள். அமலி பிறந்தாள். முதல் சில நாள் கைகால் நடுங்கியது. ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்த்தார்கள், சரியானது.

இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை. "மாத்திர தின்னு பெத்த புள்ள, பின்ன எப்டி இருக்கும்?" என்றார் அதே அக்கா. அன்றைக்கு ரோசி மாத்திரையைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள், விழுங்காமல். அந்த அக்கா மேல் வந்த கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

"எத்தனையோ புள்ளங்களுக்குப் பேச்சு லேட்டாகும். இவளுக்கு இதுதான் காரணம்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா. காதைச் சோதித்து, பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பினார். ரோசி மாத்திரையை விடவில்லை. தினமும் ஜெபமாலை முடிந்ததும் அமலியோடு ஓயாமல் பேசினாள்.

மூன்று வயது நெருங்கும்போது அக்கா வீட்டுக்கு வந்தார். யாரையும் கேட்காமல் அமலி தலையில் கைவைத்து உரக்க ஜெபித்தார். அமலி அந்தக் கையைத் தட்டிவிட்டு, "போ!" என்றாள். அவ்வளவு தெளிவாக! ரோசி சிரித்த சிரிப்பு நாலு வீட்டுக்குக் கேட்டது. நான் முழங்காலில் விழுந்தேன்.

இப்போது அவள் ஒன்றாம் வகுப்பு. வாய் மூடாதவள், உங்களுக்கே தெரியும். ஆண்டவருக்கு நன்றி. நர்ஸம்மாவின் வாயால் என்னைத் திட்டியது அவர்தான் என்று நம்புகிறேன்.

பிள்ளைகளே, வீட்டில் யாராவது மாத்திரை சாப்பிட்டால் கேலி செய்யாதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுங்கள். அவர்கள் விழுங்கியதும் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபியுங்கள். மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள்.