முன்னே போகாத முதல் கியர்

ஓட்டுநர் உரிமத் தேர்வில் ஆட்களைத் தோற்கடிப்பது அந்த மோட்டார் வாகன இன்ஸ்பெக்டருடைய உத்தியோகம். இருபத்திரண்டு வருடமாக மைதானத்தில் அட்டையும் பேனாவுமாக நின்று, ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவர்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். மனைவியின் தம்பியையே இரண்டு தடவை அனுப்பியவர். அதைத் தமது நேர்மைக்கு அத்தாட்சியாக, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிவந்தார்.

அப்பேர்ப்பட்ட இன்ஸ்பெக்டருக்கு ஐம்பது வயதில் ஜீப் பைத்தியம் பிடித்தது. தன்னைவிட மூத்த ஜீப் ஒன்றை வாங்கி வீட்டுச் சுற்றுச்சுவருக்குள் நிறுத்தி, மூன்று வருடம் அதன் அடியிலேயே குடித்தனம் நடத்தினார். சாப்பிடக் கூப்பிட்டால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பாதங்கள்தான் அசைந்து பதில் சொல்லும்.

துரு சுரண்டியாயிற்று, எஞ்சின் இறக்கி ஏற்றியாயிற்று. மலையேறும் வண்டி மாதிரி உயரமாக்க வேண்டும் என்பது கடைசி ஆசை. அதற்குப் பின்அச்சின் அடியில் இருந்த பட்டை ஸ்பிரிங்குகளை மேலே மாற்ற வேண்டும். அவை உட்காரும் தாங்கிகளை வெட்டி எடுத்து மேல்பக்கம் வெல்டிங் வைக்க வேண்டும். இவர் யோசித்தார். அச்சையே குப்புறப் புரட்டிப் போட்டால் தாங்கி தானாக மேலே வந்துவிடுகிறதே! இத்தனை சுலபமான வழி உலகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று அன்று முழுக்க உலகத்துக்காகப் பரிதாபப்பட்டார்.

வெள்ளோட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை. தெருவே கூடிவிட்டது. புதன்கிழமை மச்சானுக்கு மூன்றாவது தேர்வு. தேறினால் ஒரு கம்பெனியில் வேன் ஓட்டும் வேலை காத்திருந்தது. இன்ஸ்பெக்டர் பெரிய மனது பண்ணினார்.

"நீயே எடு மாப்ள. டெஸ்ட்டுக்கு ஒத்திகையா இருக்கட்டும்."

மச்சான் முதல் கியர் போட்டுக் கிளட்சை விட்டான். ஜீப் கம்பீரமாகப் பின்னால் போய், சுற்றுச்சுவரில் முட்டி அணைந்தது.

"பாத்தீங்களா? ரிவர்ஸைப் போட்டுட்டான். இவனை ஃபெயில் பண்ணதுக்கு இவங்க அக்கா எங்கூட ஒரு மாசம் பேசல."

"இல்ல அத்தான், ஃபர்ஸ்ட்தான் போட்டேன்."

"நீ இறங்கு மொதல்ல."

அவர் ஏறி உட்கார்ந்து கியர்க் கம்பியைப் பிடித்தார். அது முதல் கியரில் இருந்தது. அச்சைப் புரட்டினால் சக்கரமும் எதிர்ப்பக்கமாகச் சுற்றும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. சுற்றிலும் தெரு சிரித்துக்கொண்டு நின்றது. அவர் கை, அவரைக் கேட்காமலே, கம்பியை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டது.

"ரிவர்ஸ்ல இருக்கு," என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். மச்சான் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் மாலை மனைவி வந்து நின்றாள்.

"தம்பி டெஸ்ட்டுக்கு வரலயாம். எந்த கியர்னே என் கைக்குத் தெரியல, யாரையாவது ஏத்திக் கொன்னுடுவேன்றான். அந்த வேலையும் வேண்டாம்னு சொல்லிடப் போறானாம்."

இரண்டு தெரு தள்ளி இருந்த மச்சான் வீட்டுக்கு இன்ஸ்பெக்டர் நடந்தே போனார்.

"நீ போட்டது ஃபர்ஸ்ட்தான் மாப்ள. அச்சை நான் மாத்திப் போட்டுட்டேன்."

"அப்புறம் ஏன் ரிவர்ஸ்னு சொன்னீங்க?"

அச்சைப் பற்றிக் கேட்டிருந்தால் அரை மணி நேரம் விளக்கியிருப்பார். இதற்கு இரண்டே வார்த்தை போதுமாயிருந்தது.

"வெக்கமா இருந்துச்சு."



"உங்க வெக்கத்தை எங்கிட்ட தள்ளிட்டீங்க. எங்கிட்ட மட்டும் சொல்லி என்ன ஆகப்போகுது? பாத்தவங்ககிட்ட சொல்லுங்க அத்தான். நான் டெஸ்ட்டுக்கு வர்றேன்."

ஆகவே, வீட்டுக்குத் திரும்பி, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, இன்ஸ்பெக்டர் தெருவில் இறங்கினார். முதல் வீடு, ஓய்வுபெற்ற பஸ் டிரைவருடையது. அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சார், நேத்து அவன் போட்டது ஃபர்ஸ்ட் கியர்தான்."

"தெரியும் சார். நீங்க நியூட்ரலுக்குத் தள்ளினதைப் பாத்தேனே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன். உக்காருங்க, காப்பி சாப்பிடலாம்."

"இன்னும் பதினோரு வீடு இருக்கு சார்."

வெளியே வந்தார். இன்னும் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டபடி அடுத்த வீட்டு வாசலில் நின்றார். அழைப்பு மணியை அழுத்தாமல் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஜன்னல் வழியாக அந்த வீட்டம்மாள் அவரைப் பார்த்துவிட்டாள். அழுத்தினார்.